கண்ணில் தூசியா? கசக்காதீர்கள்!

பைக்கில் போகையில் கண்ணில் தூசி விழுந்தால் கை தானாகக் கசக்கப் போகும். முதலில் அந்தக் கையை நிறுத்துங்கள். கசக்கினால் கண்ணீர் வந்து தூசி போய்விடும் என்பார்கள். கண்ணீர் கசக்காமலே வரும். இமைக்கடியில் சிக்கிய மணல்தான் கசக்கக் கசக்கக் கருவிழியைக் கீறும். கருவிழியின் தடிமனே சுமார் அரை மில்லிமீட்டர்! வண்டியை ஓரங்கட்டி, கை கழுவி, பலமுறை இமையுங்கள். போகாவிட்டால் உறுத்தும் கண் கீழே வரும்படி தலையைச் சாய்த்து, மூக்கோரத்திலிருந்து குடிநீரை மெல்ல ஊற்றுங்கள். அழுக்கு அடுத்த கண்ணுக்குப் போகாது. மேல் இமைக்குள் உறுத்தினால், அதைக் கீழ் இமைமேல் இழுத்து விடுங்கள். கீழிமை முடிகள் பிரஷ்போலத் துடைத்தெடுக்கும்.

வாயால் ஊதுவதும் தாய்ப்பால், விளக்கெண்ணெய் விடுவதும் காலங்காலமாக நடப்பதுதானே என்று கேட்கலாம். பலருக்குத் தூசி போயிருக்கும். ஆனால் கீறிய கண்ணில் கிருமி புகுந்தால் புண்ணாகி, பூ விழுந்துவிடும். சுண்ணாம்பு தெறித்தாலோ நொடியும் தாமதிக்காமல் குழாய்நீரில் 20 நிமிடமாவது கழுவிவிட்டு மருத்துவமனைக்கு ஓடுங்கள். தண்ணீர் பட்டால் சுண்ணாம்பு கொதிக்குமே என்று தயங்க வேண்டாம். ஓடும் நீர் சூட்டையும் சேர்த்தே கொண்டுபோகும், கழுவாத சுண்ணாம்புதான் உள்ளே அரிக்கும்.

வெல்டிங், கிரைண்டிங் இரும்புத்துகள் விழியில் குத்தி நின்றால் பிடுங்காதீர்கள், கழுவவும் வேண்டாம். கண்ணை அழுத்தாமல் பேப்பர் கப்பால் மூடி மருத்துவமனைக்கு அழைத்துப் போங்கள். சாதாரணத் தூசியானாலும், கழுவிய பிறகும் உறுத்தலோ மங்கலோ நீடித்தால் மெடிக்கலில் சொட்டு மருந்து வாங்காமல், அன்றே கண் மருத்துவரிடம் காட்டுங்கள்.