ஆறு மாசம் ஜெர்மனியா? வீட்டு அட்வான்ஸ் அனுப்புறதுக்கு முன்னாடி இதைப் படிங்க

போன மாசம் ராத்திரி பத்தரை மணிக்கு ஒரு கிளையண்ட் போன் பண்ணினார். ஓஎம்ஆர்ல ஐடி வேலை. ஆறு மாச ஆன்சைட், ஃபிராங்க்ஃபர்ட். மனைவியும் நாலு வயசுப் பொண்ணும் கூடப் போறாங்க. "சார், 1,600 யூரோ அனுப்பணும். பேங்க் ஃபார்ம்ல என்ன காரணம்னு போடறது?" இவ்வளவுதான் கேள்வி.

எதுக்கு அனுப்புறீங்கன்னு கேட்டேன். சோபா, கட்டில், வாஷிங் மெஷின் எல்லாத்தோடயும் ரெண்டு ரூம் வீடு, மாசம் 800 யூரோ. ஓனர் டாக்டராம், இப்ப லண்டன்ல இருக்காராம். வீட்டைக் காட்ட ஆள் இல்லையாம். டெபாசிட்டும் முதல் மாச வாடகையும் வந்ததும் சாவியை கூரியர்ல அனுப்பிடுவாராம். நம்பிக்கைக்கு பாஸ்போர்ட் போட்டோ வேற.

"அந்த ஐபேன் நம்பரோட முதல் ரெண்டு எழுத்து என்ன?" ஐபேன்ல முதல் ரெண்டு எழுத்து நாட்டோட குறியீடு. ஜெர்மன் கணக்குன்னா டி, இ-ன்னு ஆரம்பிக்கும். இது வேற நாடு. வீடு ஜெர்மனியில, ஓனர் லண்டன்ல, கணக்கு மூணாவது நாட்டுல. அவர் கொஞ்ச நேரம் பேசல. அப்புறம் மெதுவா சொன்னார்: "போன வாரம் புக்கிங்னு 400 யூரோ அனுப்பிட்டேன் சார்."

அன்னிக்கு ராத்திரியே 1930-க்கு போன் பண்ண வச்சேன். மறுநாள் காலையில பேங்க்ல பணத்தைத் திருப்பிக் கேட்டு எழுதிக் கொடுத்தார். இதை எழுதற வரைக்கும் 400 யூரோ திரும்பி வரல. 1,600 தப்பிச்சது.

அவர் முட்டாள் இல்லைங்க. ஊர்ல இருந்துகிட்டே, குழந்தையோட இறங்குற அன்னிக்கே வீடு ரெடியா இருக்கணும்னு நினைச்சார். ஏமாத்துறவனுக்கும் அந்த அவசரம்தான் வேணும். வீட்டை நீங்களோ, உங்க நண்பரோ உள்ள போய்ப் பார்க்காம தனி ஆளுக்கு ஒரு ரூபாய்கூட அனுப்பாதீங்க. முதல் ரெண்டு மூணு வாரம் சர்வீஸ் அப்பார்ட்மென்ட் தருவீங்களான்னு கம்பெனி ஹெச்ஆர்கிட்ட கேளுங்க. கேட்டா பல கம்பெனியில தர்றாங்க. கேட்காட்டி யாரும் கூப்பிட்டுச் சொல்ல மாட்டாங்க. அங்க போய் நேர்ல பார்த்து வீடு பிடிக்கிறதுதான் நல்லது.

இனி வாடகைக் கணக்கு. நான் சொல்றது ஜெர்மனிக்கு மட்டும்தான். விளம்பரத்துல ரெண்டு வாடகை இருக்கும். கால்ட்மீட்டன்னா வெறும் வீட்டு வாடகை, வார்ம்மீட்டன்னா ஹீட்டிங், தண்ணி, குப்பை எல்லாம் சேர்த்தது. கரண்டும் இன்டர்நெட்டும் பெரும்பாலும் அதுல சேராது.

காலி வீடு மலிவா இருக்கும்தான். ஆனா அங்க காலின்னா நிஜமாவே காலி. பல வீடுகள்ல சமையலறை மேடை, சிங்க், அடுப்புகூட இருக்காது. முந்தின குடித்தனக்காரர் கழட்டி எடுத்துட்டுப் போயிருப்பார். கூரையில லைட் இருக்க வேண்டிய இடத்துல வயர் தொங்கும். அதோட, ஷூஃபான்னு நம்ம சிபில் மாதிரி ஒரு கடன் அறிக்கை கேட்பாங்க. புதுசா போறவங்ககிட்ட அது எங்க இருக்கும்? ஆறு மாசத்துக்கு மோபிலியர்ட், அதாவது ஃபர்னிஷ்டு வீடுதான் சரி.

அதுலயும் ரெண்டு வகை. கணக்குக்காக நானே எண் போடறேன். முதல் வீடு எல்லாம் சேர்த்து மாசம் 1,450 யூரோ. ரெண்டாவது வீடு கால்ட்மீட்ட 1,050, இதர செலவு 250, கரண்ட் 70, இன்டர்நெட் 40, ஆக 1,410. மாசம் 40 யூரோ மிச்சம், ஆறு மாசத்துக்கு 240. ஆனா கரண்டுக்கும் இன்டர்நெட்டுக்கும் நீங்களே ஒப்பந்தம் போடணும். இன்டர்நெட் ஒப்பந்தம் பெரும்பாலும் 24 மாசத்துக்குன்னு கட்டிப் போடும். அந்த 250-ம் முன்பணம்தான். வருஷக் கணக்கு முடிச்சு, கூட ஆகியிருந்தா நீங்க சென்னை வந்த பிறகு பில் வரும். குளிர்காலத்துல போறீங்கன்னா ஹீட்டிங் எவ்வளவு ஆகும்னு சொல்லவே முடியாது. நானா இருந்தா முதல் வீட்டைத்தான் எடுப்பேன். எதை எடுத்தாலும் ஒளிபரப்புக் கட்டணம் மாசம் 18.36 யூரோ வீட்டுக்கு ஒண்ணுன்னு உண்டு. டிவி இல்லன்னாலும் உண்டு. அதைக் கட்டுறது யாருன்னு முன்னாடியே கேட்டுக்குங்க.

டெபாசிட் அதிகபட்சம் மூணு மாச கால்ட்மீட்ட. இது அந்த நாட்டுச் சட்டம், பேரம் கிடையாது. எல்லாம் சேர்த்து ஒரே தொகையா சொல்ற ஓனர், அதையே மூணால பெருக்கிக் கேட்பார். அதனால ஒப்பந்தத்துல வெறும் வாடகையைப் பிரிச்சு எழுதச் சொல்லுங்க. டெபாசிட்டை மூணு மாசத் தவணையா கட்டவும் உங்களுக்கு உரிமை இருக்கு. முதல் தவணையே குடித்தனம் ஆரம்பிக்கும்போதுதான். இறங்கின முதல் மாசம் கையில காசு இறுக்கமா இருக்கும்போது இது பெரிய விஷயம்.

ஆன்மெல்டுங்னு ஒரு முகவரிப் பதிவு இருக்கு. ஆறு மாசம் தங்கறவங்க குடியேறின ரெண்டு வாரத்துக்குள்ள செய்யணும். அதுக்கு ஓனர் கையெழுத்துப் போட்ட ஒரு கடிதம் வேணும். அதோட ஜெர்மன் பேரை ஒரே மூச்சுல சொல்ல எனக்கு இன்னும் வரல. சம்பளம் ஜெர்மன் பேரோல்ல வர்றவங்களுக்கு, இந்தப் பதிவு இருந்தாத்தான் வரி எண் வரும். அது இல்லன்னா ஆறாம் வகுப்புன்னு அதிகபட்ச வரி பிடிக்க வேண்டி வரும். கடிதம் கொடுக்கறது ஓனரோட சட்டக் கடமை. "பதிவு மட்டும் பண்ணாதீங்க, வாடகையைக் குறைச்சுக்கறேன்"னு சொல்ற வீட்டை விட்டுடுங்க.

நான் அதிகம் கவலைப்படறது இன்னொரு விஷயத்துக்கு. ஆறு மாசம்னு தேதி போட்ட ஒப்பந்தத்தை நடுவுல சாதாரணமா முறிக்க முடியாது. ஆனா உங்க ஆன்சைட்டை கம்பெனி எப்ப வேணா முறிக்கலாம். ரெண்டு வருஷம் முன்னாடி இன்னொரு கிளையண்டுக்கு நாலாவது மாசத்தோட ப்ராஜெக்ட் நின்னு போச்சு. அலவன்ஸ் கடைசி வேலை நாள் வரைக்கும்தான்னு கம்பெனி சொல்லிடுச்சு. மீதி ரெண்டு மாசம் 2,900 யூரோ. ஒரு யூரோ 100 ரூபாய்னு வச்சாலும் 2,90,000 ரூபாய், யாருமே இல்லாத வீட்டுக்கு. கையெழுத்துப் போடறதுக்கு முன்னாடி "ஒரு மாச நோட்டீஸ்ல காலி பண்ணலாம்"னு ஒரு வரி கேளுங்க. ஓனர் ஒத்துக்கலன்னா, ப்ராஜெக்ட் நின்னா மீதி வாடகை கம்பெனி பொறுப்புன்னு ஹெச்ஆர்கிட்ட மெயில்ல வாங்குங்க. ரெண்டும் கிடைக்கலன்னா மூணு மாசம் மூணு மாசமா எடுங்க, வாடகை கொஞ்சம் கூடினாலும் பரவாயில்ல.

இங்கேருந்து பணம் அனுப்பினா எல்ஆர்எஸ் கணக்குல வரும். ஒரு நிதியாண்டுல 10 லட்சம் ரூபாய் வரைக்கும் டிசிஎஸ் கிடையாது, அதுக்கு மேல 20 சதவீதம். வெறும் டெபாசிட்டுக்கு அந்த அளவைத் தொட மாட்டீங்க. அதே வருஷம் அமெரிக்கப் பங்குல போட அனுப்பியிருந்தா அதையும் சேர்த்துப் பாருங்க. பிடிச்சாலும் அது போன காசு இல்ல, ரிட்டர்ன்ல கழிச்சுக்கலாம்.

குடியேறுற அன்னிக்கு சுவர், மேடை, குழாய், மீட்டர் எல்லாத்தையும் வீடியோ எடுத்து, சாவி வாங்குற பட்டியல்ல ஓனர்கிட்ட கையெழுத்து வாங்குங்க. குழாய்ல படியுற சுண்ணாம்பையும் மேடையில விழுற மஞ்சள் கறையையும் காலி பண்ணும்போது அவங்க கண்டிப்பா பார்ப்பாங்க. தாளிக்கும்போது ஜன்னலைத் திறந்துடுங்க, எங்கம்மா கேட்டா திட்டுவாங்க, ஆனாலும் சொல்றேன்.

டெபாசிட் திரும்பி வர சில மாசம் ஆகலாம். அதுக்குள்ள ஜெர்மன் பேங்க் கணக்கை மூடிட்டு வந்து தவிச்சவங்க இருக்காங்க. பணம் வர்ற வரைக்கும் கணக்கை மூடாதீங்க, இல்லன்னா இந்தியக் கணக்கோட ஸ்விஃப்ட் விவரத்தை ஒப்பந்தத்துலயே எழுதிடுங்க. திரும்பி வர்ற டெபாசிட் உங்க வருமானம் இல்ல. அதைக் காட்டுறதுக்கு அனுப்பின ரசீதும் ஒப்பந்தமும் கையில இருக்கணும். ரெண்டையும் ஸ்கேன் பண்ணி உங்க மெயிலுக்கே அனுப்பி வச்சுக்குங்க. நான் மேல போட்ட கணக்கோட எக்செல் ஷீட் நம்ம சேனல் வீடியோ டிஸ்கிரிப்ஷன்ல இருக்கு, மஞ்சள் கட்டத்துல உங்க எண்ணைப் போட்டாப் போதும்.