ஏடு பெயர்த்தல்: புதுக் கணினி தேர்வார்க்கு ஒரு பாடம்

முன்னாளில் நம் பெரியோர் ஓலைச்சுவடிகளைப் பேணிய முறையைத் தமிழ் பயில்வோர் அறிவர். ஏடு நைந்து போகுமுன் புதிய ஓலையை வாரிப் பதப்படுத்தி, பழையதைப் பார்த்து வரி பிறழாது பெயர்த்தெழுதி, ஒப்புநோக்கிய பின்னரே பழைய ஏட்டைக் கைவிட்டனர். அங்ஙனம் பெயர்த்தெழுதப்பட்ட நூல்கள் நமக்குக் கிடைத்தன; பெயர்த்தெழுதுவார் இன்றிக் கிடந்தவை செல்லுக்கு இரையாயின. சி. வை. தாமோதரம்பிள்ளை அவர்கள் 1887ஆம் ஆண்டிற் கலித்தொகையைப் பதிப்பித்தபோது, அழிந்துவரும் ஏடுகளின் நிலையைப் பதிப்புரையில் நெஞ்சுருக எடுத்துரைத்தார். அவர் காலத்து ஓலைக்கு நேர்ந்த இடர் இக்காலத்துக் கணினிக்கும் உண்டு. ஆதலின், பழைய கணினியை நீக்கிப் புதியது கொள்ளும் முறையை ஏடு பெயர்த்தெழுதுவோன் கண்கொண்டு இக்கட்டுரையில் ஆராய்வாம்.

தமிழாசிரியர்க்கு இயந்திர ஆராய்ச்சி எதற்கு எனச் சிலர் வினவலாம். காரைதீவிலே 1892ஆம் ஆண்டிற் பிறந்த விபுலானந்த அடிகள் விஞ்ஞானமுங் கற்பித்தார். யாழ் நூலும் இயற்றினார். அவர் பிறந்த மண்ணிலே இவ்வினாவுக்கு வேறு விடை வேண்டா.

நேர்ந்த தேவை

நாம் கற்பிக்கும் தமிழ்ப் பகுதியின் அறையிலே 2014ஆம் ஆண்டில் வாங்கிய கணினி ஒன்று உண்டு. காலையிற் பொத்தானை அழுத்திவிட்டுச் சென்று, மாணவர் வரவு குறித்து மீண்டாலும் அது விழித்திருப்பதில்லை. அதனுள்ளே 20 ஆண்டுகளுக்கு மேற்பட்ட வினாத்தாள்களும், நாடகப் பிரதிகளும், மலர்களுக்கு மாணவர் எழுதிய ஆக்கங்களும் கிடக்கின்றன. அவற்றுட் சில அக்கணினியினும் பழையன. எமக்கு முன்னிருந்த ஆசிரியர்கள் வேறு கணினிகளிலே தட்டெழுதி வைத்தவை.

இம்மலருக்காக அவற்றைத் துருவியபொழுது, 2003ஆம் ஆண்டிலே தட்டெழுதிய கோப்பு ஒன்று அகப்பட்டது. வாவியிலே இறால் பிடிக்கும் தம் தந்தையைப் பற்றி மாணவர் ஒருவர் எழுதிய கட்டுரை அது. அடுத்த ஆண்டு டிசம்பர் 26ஆம் திகதி ஆழிப்பேரலை கொண்டுபோன எம் மாணவருள் அவரும் ஒருவர். அக்கோப்பை நண்பர் ஒருவரின் புதிய மடிக்கணினியில் இட்டுத் திறந்தோம். தமிழெழுத்து ஒன்றேனுந் தோன்றவில்லை. ஆங்கில எழுத்துக்களும் அரைப்புள்ளிகளும் பொருளின்றிப் பரந்து கிடந்தன. கடைக்குச் சென்று பணத்தைக் கொடுப்பதோடு இக்காரியம் முடியாது என்பதனை அன்று உணர்ந்தோம்.

1. மூப்பு இருவகைத்து

கணினியின் மூப்பு வன்பொருள் மூப்பு, முறைமை மூப்பு என இருவகைப்படும். இவ்விரண்டையும் பிரித்தறியாதார் வீண்செலவு செய்வர்.

வன்பொருள் மூப்பாவது, உறுப்புக்கள் தேய்தலும் தளர்தலும் ஆம். சுழலும் வன்தட்டு மெலிதல், நினைவகம் போதாமை, விசிறியிலே தூசி அடைதல் முதலியன இதன்பாற்படும். வாவிக்கரையின் ஈரக்காற்றும் உப்புக்காற்றும் இதனை விரைவுபடுத்தும். இம்மூப்புப் பெரும்பாலும் உறுப்பு மாற்றத்தால் தீரும்.

முறைமை மூப்பு வேறு. கணினியை ஆண்டு நடத்தும் அடிப்படை மென்பொருளை நம் நாட்டுப் பாடநூல்கள் பணிசெயல் முறைமை என்று வழங்கும். மைக்ரோசொப்ற் நிறுவனத்தின் விண்டோஸ் 7க்கு உரிய பாதுகாப்பு உதவி 2020 சனவரி 14இல் முடிவுற்றது. 2015இல் வெளிவந்த விண்டோஸ் 10க்கு உரிய பொது உதவி 2025 ஒக்ரோபர் 14இல் முடிவுற்றது. வீட்டுப் பாவனையாளர் தனியே பதிந்து பெறத்தக்க நீடிப்பு 2026 ஒக்ரோபர் 13 வரையென அந்நிறுவனம் அறிவித்தது. உதவி முடிந்த மறுநாளே கணினி நின்றுவிடும் எனக் கருதற்க. அது முன்போலவே இயங்கும். ஆயினும், புதிதாய்க் கண்டுபிடிக்கப்படும் ஓட்டைகளை அடைப்பார் இல்லை. கலபதற்றுவார் இன்றி வாவியில் விட்ட தோணி சில நாள் மிதப்பது போன்றது அது.

அப்படியாயின் விண்டோஸ் 11ஐ ஏற்றலாமே எனின், எல்லாக் கணினியும் அதனை ஏலா. 4 கிகாபைற் நினைவகம், 64 கிகாபைற் சேமிப்பிடம் ஆகியவற்றோடு, ரி.பி.எம். 2.0 என்னும் பாதுகாப்புச் சில்லும் அதற்கு வேண்டும். முறைவழியாக்கியும் அந்நிறுவனம் ஏற்ற பட்டியலில் உள்ளதாதல் வேண்டும். இன்ரெல் வகையாயின், 2017ஆம் ஆண்டளவில் வெளிவரத் தொடங்கிய எட்டாந் தலைமுறையும் அதன் பின்னவையுமே பெரும்பாலும் அப்பட்டியலில் உள. 2014ஆம் ஆண்டின் எமது கணினி இத்தேர்விலே சித்தியடையவில்லை.

2. முதலிற் பெயர்க்க வேண்டியது எழுத்து

கோப்பு ஏன் சிதைந்தது என்பதனை இனி நோக்குவாம். பாமினி முதலிய பழைய எழுத்துருக்கள், ஆங்கில எழுத்துக்களுக்கு உரிய இடங்களிலே தமிழ் வடிவங்களை வரைந்து வைத்தவை. தமிழ் என்னும் சொல்லைப் பாமினியில் எழுதினால், கணினியுள்ளே பதிவது ஜே, கே, பி, ஓ என்னும் நான்கு ஆங்கில எழுத்துக்களும் ஓர் அரைப்புள்ளியுமேயாம். பாமினி உள்ள கணினியில் அது தமிழாய்த் தோன்றும். இல்லாத கணினியிலோ, வேடங் கலைந்த கூத்தனைப் போல நிற்கும்.

யுனிக்கோட் முறை இத்தகையதன்று. 1991ஆம் ஆண்டில் வெளிவந்த அதன் முதற் பதிப்பிலேயே தமிழுக்குத் தனியிடம் ஒதுக்கப்பட்டது. அதில் ககரத்துக்கு உரிய எண் உலகெங்கும் ஒன்றே. எந்த நிறுவனத்துக் கணினியிலே திறப்பினும் ககரம் ககரமாகவே நிற்கும், தேடினால் அகப்படும், கைப்பேசியிலும் வாசிக்கப்படும்.

ஆகவே, பழைய கணினி இயங்கும்பொழுதே அதிலுள்ள கோப்புக்களை யுனிக்கோட்டுக்குப் பெயர்த்தல் வேண்டும். இதற்குரிய மாற்றிகள் இலவசமாய்க் கிடைக்கின்றன. பெயர்ப்போர் மனங்கொள்ள வேண்டியன மூன்று. முதலாவது, மூலக் கோப்பை மாற்றாது அப்படியே வைத்து, அதன் படியொன்றிலேயே பெயர்க்க. இரண்டாவது, தமிழினிடையே ஆங்கிலச் சொற்கள் வந்திருப்பின் மாற்றி அவற்றையும் தமிழெழுத்தாய்த் திரித்துவிடும். ஆதலின் அவ்விடங்களை முன்னரே குறித்துக்கொள்க. மூன்றாவது, பாமினியிற் கொகரம் ஒற்றைக்கொம்பு, ககரம், கால் என மூன்று துண்டுகளாய் அமைந்தது; இவற்றை ஒன்றுகூட்டும்போது பிழை நேர்தல் உண்டு. ஓர் ஆசிரியர் வாசிக்க மற்றொருவர் ஒப்புநோக்குதலே உறுதி தருவது.

விரற்பழக்கத்தை எண்ணி மூத்தோர் அஞ்ச வேண்டா. தமிழ்நாட்டு அரசு 1999இல் ஏற்ற தமிழ் 99 விசைப்பலகையும் உண்டு. இலங்கை 2008இல் வகுத்த தர நியமமும் உண்டு. பாமினியின் அதே விசைகளைக் கொண்டு யுனிக்கோட்டில் எழுதித் தரும் மென்பொருள்களும் உள.

பெயர்த்தவற்றுக்கு மூன்று படிகள் வேண்டும். ஒன்று கணினியில், ஒன்று புறவன்தட்டில், ஒன்று வேறோர் ஊரில் அல்லது இணையச் சேமிப்பில். 1978 நவம்பர் 23ஆம் திகதிச் சூறாவளியையும் 2004ஆம் ஆண்டின் ஆழிப்பேரலையையுங் கண்டது எமது கரை. இரண்டு படிகளை ஒரே அலுமாரியில் வைத்தல் ஒரு படி வைத்ததற்கே சமம்.

3. முறைமையைத் தேர்தல்

வாவிக்குத் தோணியும் கடலுக்கு வள்ளமும் கொள்வது நம் மீனவர் வழக்கு. நீரின் தன்மையறிந்தே கலத்தைத் தேர்வர். அவ்வாறே, செய்ய வேண்டிய வேலையை முதலில் எழுதி வைத்து, அதற்கேற்ற முறைமையைத் தேர்தல் தகும்.

விண்டோஸ் 11இன் நன்மை பழக்கமும் பொருத்தமும் ஆகும். அலுவலகங்களிலிருந்து வரும் படிவங்கள் அதிலே வரி குலையாது திறக்கும். அச்சகத்தார் பலர் இன்னும் கைவிடாத பேஜ்மேக்கருக்கு விண்டோஸ் வடிவம் உண்டு. அதன் இறுதிப் பதிப்பு 2001இல் வெளிவந்ததாதலின், அதனையே நம்பியிருத்தலும் நெடுநாளைக்கு ஆகாது. விண்டோஸின் குறை, அது விலைகொடுத்துப் பெறும் உரிமம் வேண்டுவது. உரிமமில்லாப் படியை ஏற்றித் தருவார் உளர். அதனோடு வேறெது ஏறுகின்றது என்பதை அறிவார் இலர். அறம் கற்பிக்கும் கல்லூரியில் அதற்கு இடமளித்தலும் தகாது.

லினக்ஸ் என்பது 1991ஆம் ஆண்டிலே பின்லாந்து நாட்டின் ஹெல்சிங்கி நகரத்து மாணவராயிருந்த லினஸ் டோர்வால்ட்ஸ் தொடங்கிய முறைமை. அதன் அடியாகத் தோன்றிய உபுண்டு, லினக்ஸ் மின்ற் முதலியவை விலையின்றிக் கிடைப்பன. பழைய கணினியிலும் இலகுவாய் இயங்குவன. யுனிக்கோட் தமிழை நன்கு காட்டுவன. எழுத்துச் செயலியைக் கொண்ட லிப்ரே ஒபிஸ் என்னும் தொகுப்பும் அவற்றுக்கு விலையின்றிக் கிடைக்கும். கேரள மாநிலத்துப் பாடசாலைகள் இருபது ஆண்டளவாக லினக்ஸைக் கொண்டே கணினி கற்பித்து வருகின்றன. எனவே, மாணவர்க்கு இது கடினம் என்பார் கூற்று ஆராய்ச்சிக்கு நில்லாது. ஆயினும், பேஜ்மேக்கர் இதில் நேரே இயங்காது. வேர்ட் கோப்புக்களின் அமைப்பு ஒரோவழி நெகிழும். சில அச்சுப்பொறிகள் முரண்டுபிடிக்கும். ஆதலின், பென் டிரைவ் ஒன்றில் லினக்ஸை இட்டு, கணினியிலே பதியாமல் அதிலிருந்தே இயக்கி, அச்சுப்பொறியையுஞ் சோதித்த பின் முடிவு செய்க.

ஆப்பிள் கணினிகள் உறுதியானவை. அவற்றின் விலை எம்போன்றார் கைக்கு எட்டாதது. குரோம்புக் இணையத்தைப் பெரிதும் சார்ந்தது. இணைப்பு நிலையற்ற வாவியோரக் கிராமங்களுக்கு ஏலாது.

4. கணினியைத் தேர்தல்

2022ஆம் ஆண்டின் தொடக்கத்தில் ஏறத்தாழ 200 ரூபாவாயிருந்த அமெரிக்க டொலர், சில மாதங்களில் 360 ரூபா அளவுக்கு ஏறியது. இறக்குமதிப் பொருளான கணினியும் அதனோடு ஏறியது. எனவே ஒருமுறை வாங்குவதனைப் பல்லாண்டு நிற்குமாறு வாங்குதல் வேண்டும். நினைவகம் 8 கிகாபைற்றிற் குறையலாகாது. 16 ஆயின் நன்று. 4 கிகாபைற் போதுமென்பது ஏட்டளவிலேயே உண்மை. சேமிப்பகம் எஸ்.எஸ்.டி. என வணிகர் கூறும் திண்மநிலை வகையாய், 256 கிகாபைற்றிற் குறையாததாய் இருத்தல் வேண்டும். நினைவகத்தைப் பின்னர் கூட்டலாமா, மின்கலத்தை மாற்றலாமா, உத்தரவாதத்தின்படி பழுதுநீக்குவோர் மட்டக்களப்பிலே உளரா, கொழும்புக்கு அனுப்ப வேண்டுமா என்பனவற்றை எழுத்திற் கேட்டுப் பெறுக. 2022ஆம் ஆண்டின் நீண்ட மின்வெட்டுக்களை நினைவுகூர்வார், மேசைக் கணினியினும் மடிக்கணினியைத் தேர்வதன் நியாயத்தை உணர்வர். வாங்குமுன் விசைப்பலகையிலே ஒரு பந்தி தமிழ் தட்டிப் பார்க்க. அதுவே எம்போன்றார்க்கு உரைகல்.

5. எமது முடிவு

கடைக்காரர் ஒருவர் எமது பழைய கணினியை நிறைக்கு விற்றுவிடும்படி அறிவுரை கூறினார். நாம் அதனைச் செய்யவில்லை. அதன் வன்தட்டை நீக்கி எஸ்.எஸ்.டி. பொருத்தி, நினைவகத்தை 8 கிகாபைற் ஆக்கி, லினக்ஸ் மின்ற் பதிந்தோம். புதியதன் விலையிலே சிறு பங்கே செலவாயிற்று. இப்பொழுது மாணவர் அதிலே தமிழ் தட்டெழுதிப் பழகுகின்றனர். பழைய மாணவர் தந்த நிதியில் விண்டோஸ் 11 உடன் மடிக்கணினி ஒன்றும் வாங்கினோம். அலுவலகப் படிவங்களும் மலரின் பக்க அமைப்பும் அதில் நடைபெறுகின்றன. இரண்டிலும் எழுத்து ஒன்றே, யுனிக்கோட். நாளை இவ்விரண்டும் பழுதுறினும் எழுத்துக்கு இடரில்லை.

அந்த 2003ஆம் ஆண்டுக் கட்டுரையையும் பெயர்த்து ஒப்புநோக்கினோம். ஓரிடத்தில் ஒரு சொல் மட்டும் எவ்வாற்றானும் தெளியவில்லை. தந்தையாரைத் தேடிச் சென்று அவ்வரியை வாசித்துக் காட்டினோம். அவர் சற்றுப் பொறுத்து, "அது அத்தாங்கு, சேர். அவன்தான் எனக்குத் தூக்கித் தாறவன்" என்றார். அச்சொல்லை அவ்விடத்தில் இட்டோம்.

பழைய மாணவ அன்பர்களே! உங்கள் வீட்டு மூலையிலே இயங்காக் கணினியோ, பழைய இறுவட்டோ கிடப்பின், அதனை எறியுமுன் உள்ளே எவர் எழுத்து இருக்கின்றது எனத் திறந்து பாருங்கள். கல்லூரியைச் சார்ந்த எழுத்தாயின் எமக்கு ஒரு படி அனுப்புங்கள். 2005ஆம் ஆண்டு தொடங்கிய நூலகம் இணையத்தளத்திற் சேர்ப்பித்தற்கும் அவை உதவும். அத்தாங்கு என்னும் சொல்லைச் சொல்லித் தருவதற்கு எமக்கு ஒரு தந்தையார் இருந்தார். எல்லா ஏட்டுக்கும் அவ்வாறு ஒருவர் வாய்ப்பார் என எண்ணியிருத்தல் கூடாது.