நாக்கு ஏன் கடிபடுவதில்லை?

கேள்வி: பற்களுக்கு நடுவேதான் நாக்கு நாளெல்லாம் புரள்கிறது. ஆனாலும் எப்போதாவதுதான் கடிபடுகிறது. தாடையையும் நாக்கையும் இப்படி இணைத்து இயக்குவது எது? இந்த ஏற்பாடு எப்படி வந்தது?

பதில்: ஆட்டுரலில் மாவரைத்தவர்களுக்கு இது சட்டென்று விளங்கும். ஒரு கை குழவியைச் சுழற்றும். மறு கை மாவைத் தள்ளிவிட்டு, குழவி வருவதற்குள் விலகிக்கொள்ளும். வாய்க்குள் அந்த மறு கையின் வேலையை நாக்கு செய்கிறது. சோற்றைக் கடைவாய்க்கு ஒதுக்கிவிட்டு, பல் இறங்குவதற்குள் அது பின்வாங்கியாக வேண்டும்.

இத்தனைக்கும் தாடையும் நாக்கும் பிறப்பால் வேறு வேறு. கருவின் தொண்டைப் பகுதியில் சில வளைவுகள் வரிசையாகத் தோன்றும். அவற்றில் முதல் வளைவிலிருந்து தாடையும் அதை மூடும் தசைகளும் உருவாகின்றன. மீன்களில் இதே வரிசையின் பின் வளைவுகள்தான் செவுள்களைத் தாங்குகின்றன. நாக்குத் தசைகளின் கதையே வேறு. அவை பிடரிப் பக்கம், முதுகுத் தசைகள் உருவாகும் அதே வரிசையில் தோன்றி, தொண்டையைச் சுற்றி முன்னால் வந்து வாய்க்குள் சேர்கின்றன. தங்களுக்குரிய நரம்பையும் உடன் அழைத்து வருகின்றன. அதனால்தான் தாடையை மூடுவது ஐந்தாம் கபால நரம்பாகவும், நாக்கை அசைப்பது பன்னிரண்டாம் கபால நரம்பாகவும் இருக்கிறது. இரண்டும் மூளைத்தண்டிலிருந்தே புறப்படுகின்றன என்றாலும், முன்னதன் மையம் பான்ஸ் பகுதியில், பின்னதன் மையம் அதற்குக் கீழே முகுளத்தில்.

மெல்லுவது வெறும் அனிச்சைச் செயல்களின் சங்கிலி என்று ஒரு காலத்தில் எண்ணினார்கள்: உணவு அழுத்தினால் வாய் திறக்கும், திறந்ததால் தசை இழுபட்டு மறுபடி மூடும் என்று. 1971இல் டெல்லோ, லண்ட் என்ற இருவர் முயல்களில் செய்த சோதனை இதை மாற்றியது. மருந்து கொடுத்துத் தசைகளை முழுக்கச் செயலிழக்கச் செய்துவிட்டு, மூளையைத் தூண்டினார்கள். தாடை அசையவே இல்லை. ஆனால் தாடைக்குப் போகும் நரம்புகளில் மெல்லும் தாளம் ஓடிக்கொண்டிருந்தது! தாளம் வாயில் பிறப்பதில்லை, மூளைத்தண்டிலேயே பிறக்கிறது. மேல்மூளை 'தொடங்கு' என்று சொன்னால் போதும்.

தாளம் சரி, தாடையும் நாக்கும் ஒன்றோடொன்று ஒத்துப்போவது எப்படி? இதற்கு 2014இல் அமெரிக்காவின் டியூக் பல்கலைக்கழகத்தில் ஃபான் வாங்கின் குழு நல்ல விடை தந்தது. அவர்கள் கையில் எடுத்தது வெறிநாய்க்கடி வைரஸ். நரம்பின் நுனியில் நுழைந்து, நியூரானிலிருந்து நியூரானுக்குப் பின்னோக்கி ஏறிப் போவது அதன் குணம். ஒரே ஒரு படி மட்டும் தாவும்படி அதை மாற்றியமைத்து, சுண்டெலிகளின் தாடைத் தசையிலும் நாக்குத் தசையிலும் செலுத்தினார்கள். அந்தத் தசைகளுக்கு ஆணையிடும் நியூரான்கள் ஒளிரும் நிறத்தில் வெளிப்பட்டன. பார்த்தால், ஒரே நியூரான் கிளைவிட்டு இரண்டு இடங்களுக்குப் போகிறது. வாயைத் திறக்கச் சொல்லும் நியூரானே நாக்கை நீட்டவும் சொல்கிறது. மூடச் சொல்வது நாக்கை உள்ளிழுக்கவும் சொல்கிறது. இடது, வலது தாடைத் தசைகளுக்கும் பொதுவான நியூரான்கள் இருக்கின்றன. கீழ்த்தாடை ஒரே எலும்பு, அதை இழுக்கும் நரம்புகளோ பக்கத்துக்கு ஒன்று. இந்தப் பங்கீடு இல்லாவிட்டால் அது கோணிக்கொள்ளும். வெவ்வேறு இடத்தில் பிறந்த இரண்டு உறுப்புகளை ஒரே செல்லின் இரு கிளைகள் கட்டிப்போட்டிருப்பதை நினைத்தால் எனக்கு இன்றும் சிலிர்ப்புதான்.

கேள்வி: பிறகு எப்போதாவது கடிபடுவது ஏன்?

பதில்: மென்றுகொண்டே பேசுவதுதான் வழக்கமான காரணம். பேச்சுக்கான ஆணைகள் மேல்மூளையிலிருந்து அதே தசைகளுக்கு வந்து, மெல்லும் தாளத்தோடு மோதுகின்றன.

இந்தப் பொது நியூரான்கள் தவிர, வாய்க்கு இன்னொரு காவலும் உண்டு. பல் வேரைச் சுற்றியுள்ள மெல்லிய சவ்வில் அழுத்தத்தை உணரும் நரம்பு நுனிகள் இருக்கின்றன. சோற்றில் கல் கிடந்தால், 'கல்' என்று நாம் உணர்வதற்குள் தாடை நின்றுவிடுவது இவற்றால்தான். பொதுவாக உணர்வு நியூரான்களின் உடல்கள் மூளைக்கும் தண்டுவடத்துக்கும் வெளியே முடிச்சுகளாக இருக்கும். பல் வேரின் அழுத்தத்தை உணரும் நியூரான்களில் ஒரு பகுதி மட்டும் விதிவிலக்காக மூளைத்தண்டுக்குள்ளேயே இடம்பிடித்திருக்கிறது.

பல் பிடுங்க மரத்துப்போகும் ஊசி போட்டால் இந்தக் காவலோடு நாக்கு, உதட்டின் உணர்வும் சில மணி நேரம் ஓய்ந்துவிடும். மெல்லும் தாளம் ஓடும், ஆனால் நாக்கும் உதடும் எங்கே இருக்கின்றன என்ற தகவல் வராது. குழந்தைகள் வலி தெரியாமல் உதட்டையே மென்று புண்ணாக்கிக்கொள்வார்கள். மரப்பு முழுவதும் விடும்வரை அவர்களுக்கு மெல்லும் பண்டம் எதையும் கொடுக்காதீர்கள்.