சமூக நோயும் தனிமனிதப் பொறுப்பும்

உடல் நோயுறுவதை அறிவோம். மனம் நோயுறுவதையும் அறிவோம். ஒரு சமூகம் நோயுறுமா? பத்தொன்பதாம் நூற்றாண்டு அறிஞர் பலர் 'ஆம்' என்றனர். குற்றம், தற்கொலை, குடிப்பழக்கம், வறுமை ஆகியவற்றைச் சமூகத்தின் நோய்க்கூறுகளாகவே கண்டனர்.

ஆனால் எது நோய் என்று முடிவு செய்வது எளிதன்று. பிரான்சின் எமில் துர்கைம் 1895-ல் வெளியிட்ட நூலில், குற்றமே இல்லாத சமூகம் எங்கும் இல்லை, எனவே அது இருப்பது மட்டும் நோயாகாது, அளவு மீறுவதே நோய் என்றார். 1943-ல் அமெரிக்க அறிஞர் ரைட் மில்ஸ், தம் பழக்கத்திற்கு மாறானதையெல்லாம் நோய் என்று முத்திரை குத்தும் போக்கைக் கண்டித்தார். உளவியல் அறிஞர் எரிக் ஃபிரோம் 1955-ல் இன்னும் ஆழமாகச் சென்றார்: ஒரு தவறைப் பலரும் சேர்ந்து செய்வதால் அது சரியாகிவிடாது, பெரும்பான்மையினரின் இயல்பே நோயாக இருக்கக்கூடும்.

இக்கருத்துகளை நம் நாட்டு நிகழ்ச்சி ஒன்றில் பொருத்திப் பார்ப்போம். டெல்லியின் ரிங் ரோட்டில் உள்ளது மோதி பாக். 1707-ல் குரு கோவிந்த் சிங் தங்கிய இடமாகப் போற்றப்படும் குருத்வாரா அங்குள்ளது. அதே சாலையில் சில கிலோமீட்டர் கிழக்கே அகில இந்திய மருத்துவ விஞ்ஞானக் கழகம் அமைந்துள்ளது. 1984 அக்டோபர் 31 அன்று சீக்கிய மெய்க்காவலர் இருவரால் சுடப்பட்ட பிரதமர் இந்திரா காந்தி அங்குதான் கொண்டுசெல்லப்பட்டார். அன்று மாலையே அப்பகுதியில் சீக்கியர்கள் தாக்கப்பட்டனர். மருத்துவமனைக்கு வந்த குடியரசுத் தலைவர் ஜெயில் சிங்கும் சீக்கியரே. அவருடைய வாகன அணியின் மீதும் கற்கள் வீசப்பட்டன. அடுத்த மூன்று நாட்களில் திரிலோக்புரி, சுல்தான்புரி, மங்கோல்புரி ஆகிய பகுதிகள் பெரும் கொலைக்களங்களாயின. அரசுக் கணக்கின்படி டெல்லியில் மட்டும் 2,733 சீக்கியர் உயிரிழந்தனர்.

இதைச் 'சமூகத்தைப் பிடித்த வெறி' என்று கூறிக் கடந்துவிடலாமா? இங்குதான் எச்சரிக்கை தேவை. அதே நவம்பரில் மனித உரிமை அமைப்புகள் இரண்டு நேரில் விசாரித்து அறிக்கை வெளியிட்டன. இது தானாக மூண்ட வெறியன்று, திட்டமிட்டு நடத்தப்பட்டது என்பது அதன் முடிவு. வாக்காளர் பட்டியலைக் கொண்டு சீக்கியர் வீடுகள் அடையாளம் காணப்பட்டதாகச் சாட்சிகள் கூறினர். வெறி பிடித்தவன் பட்டியலைப் பார்த்தா வீடு தேடுவான்?

நோய் என்ற சொல்லுக்கு இரு முகங்கள் உண்டு. தீமையின் வேர் ஒரு மனிதனைத் தாண்டி ஆழ ஓடுவதை அது காட்டுகிறது. அதே சமயம், நோயாளி குற்றவாளி அல்லன் என்னும் எண்ணத்தால், செய்தவரையும் செய்வித்தவரையும் மறைத்தும் விடுகிறது. டெல்லி உயர் நீதிமன்றம் முன்னாள் மக்களவை உறுப்பினர் ஒருவருக்கு ஆயுள் தண்டனை விதித்தது 2018 டிசம்பரில்தான். அதற்குள் முப்பத்து நான்கு ஆண்டுகள் கடந்துவிட்டன.

நோய் முழுச் சமூகத்தையும் பற்றியதென்றால், நலமாக இருந்தவர்கள் யார்? அந்நாட்களில் சீக்கியக் குடும்பங்களைத் தம் வீடுகளில் மறைத்துக் காத்த இந்து, முஸ்லிம் அண்டைவீட்டார் பலர். இரவெல்லாம் தெருவைக் காவல் காத்தவர்களும், முகாம்களில் தொண்டு செய்தவர்களும் உண்டு. அவர்களும் அதே நகரின் மக்களே. அதே செய்தியைக் கேட்டவர்களே. சூழ்நிலை மனிதனை நெருக்குகிறது. ஆனால் அவனுக்குப் பதிலாக முடிவெடுப்பதில்லை என்பதற்கு அவர்களே சான்று.

'எல்லோரும் செய்கிறார்களே' என்ற சொல் நெஞ்சில் எழும்போதே நோய் வாசலுக்கு வந்துவிட்டது என்று அறிய வேண்டும். வதந்தியை மற்றவருக்குச் சொல்லாமல் நிறுத்துவதும், ஒருவன் குற்றத்தை அவன் இனத்தின்மேல் ஏற்றாதிருப்பதும், அண்டைவீட்டாரின் பெயரையும் முகத்தையும் அறிந்திருப்பதும் அமைதியான நாட்களிலேயே பழகவேண்டியவை. கலவரம் மூண்ட இரவில் அவற்றைக் கற்றுக்கொள்ள நேரமிராது.