கனடா பி.ஆர்.: விண்ணப்பிக்கும் முன்

கனடாவில் நிரந்தரமாக வசிக்கும் உரிமைக்கான (பி.ஆர்.) எக்ஸ்பிரஸ் என்ட்ரி முறையில் புரொஃபைல் தொடங்க அரசுக் கட்டணம் கிடையாது. அந்தப் பெயரில் யார் கேட்டாலும் கொடுக்காதீர்கள்.

புரொஃபைல்களின் தரவரிசையில் மொத்தம் 1200 மதிப்பெண். வயதுக்கான முழு மதிப்பெண் 20 முதல் 29 வயது வரைதான். அதன்பின் ஆண்டுதோறும் குறையும். உங்கள் கையில் இருப்பது ஆங்கிலம். ஐஇஎல்டிஎஸ் என்றால் ஜெனரல் ட்ரெய்னிங் தேர்வு, அகாடமிக் செல்லாது. லிசனிங்கில் 8, மற்ற மூன்றிலும் 7 எடுத்தால் படிப்போடும் வெளிநாட்டு அனுபவத்தோடும் சேர்ந்து கூடுதல் மதிப்பெண் ஏறும். ரைட்டிங்கில் மட்டும் 6.5 என்றால், மறுபடி எழுதுவது செலவுக்குத் தகும்.

பலர் சறுக்குவது அனுபவக் கடிதத்தில். ‘இவர் இங்கே பணிபுரிந்தார்’ என்ற ஒற்றை வரி போதவே போதாது. லெட்டர்ஹெட்டில் பதவி, சேர்ந்த தேதி, விலகிய தேதி, வாரத்துக்கு எத்தனை மணி நேரம், சம்பளம், அன்றாடம் செய்த வேலைகள் எல்லாம் வேண்டும். விண்ணப்பிக்கச் சொல்லி அழைப்பு வந்தபின் 60 நாள்தான் அவகாசம். பழைய கம்பெனியின் ஹெச்.ஆரிடம் இப்போதே கேட்டு வாங்கிவிடுங்கள்.

மாகாணப் பரிந்துரை கிடைத்தால் 600 மதிப்பெண் சேரும். வேலை ஆஃபருக்கான மதிப்பெண்ணோ 2025 மார்ச்சில் நீக்கப்பட்டது. ‘ஆஃபர் லெட்டர் வாங்கித் தருகிறேன், பாயின்ட் ஏறும்’ என்று லட்சக்கணக்கில் கேட்பவரிடம் ஏமாந்துவிடாதீர்கள்.