பிரெஞ்சு மொழியின் இரண்டாம் படி

ஒரு மொழியைத் தொடங்குதல் எளிது, தொடர்தலே அரிது. எழுத்தும் எண்ணும் வாழ்த்துரையும் பயிலும் முதலாண்டு மாணவன், நாடோறும் தான் வளர்தலைத் தானே கண்டு மகிழ்கின்றான். இரண்டாமாண்டிலோ அம்மகிழ்ச்சி மறைகின்றது; எத்துணை நடந்தும் நின்ற இடத்தே நிற்பதுபோலத் தோன்றுகின்றது. பிரெஞ்சு பயில்வோர் பலர் அதனைக் கைவிடுவது இவ்விடத்தேயாம். யாமும் கைவிட எண்ணியதுண்டு. அங்ஙனம் விடாமைக்குக் காரணத்தையும், விடாது நின்று கற்றவற்றுட் சிலவற்றையும் ஈண்டுக் கூறுவோம்.

முதலாண்டுத் தேர்வில் நல்ல மதிப்பெண் பெற்ற செருக்கோடு, ஒருநாள் நூல்நிலையத்தில் பரிபாடலின் பிரெஞ்சுப் பதிப்பை எடுத்தோம். பிரான்சுவா குரோ என்னும் அறிஞர் தமிழ் மூலத்தோடு முன்னுரையும் மொழிபெயர்ப்பும் குறிப்பும் சேர்த்துப் புதுச்சேரியில் 1968-இல் வெளியிட்ட நூல் அது. பாடலுக்கு ஒருவாறு பொருள் கண்டோம். முன்னுரையிலோ முதற் பக்கத்தையும் கடந்திலோம். எம் தாய்மொழி இலக்கியத்தைப் பற்றிய ஆராய்ச்சி கையிலிருந்தும் கருத்துக்கு எட்டவில்லையே என நாணினோம். 1903-இல் தமிழ் கற்பிக்கும் நூலொன்றை வெளியிட்ட ழூலியேன் வேன்சோனும், 1946-இல் திராவிட மொழிகளின் இலக்கண அமைப்பை ஆராய்ந்து நூல் வெளியிட்ட ழூல் பிளாக்கும் எழுதியது பிரெஞ்சிலேயாம். ஆகலின் தமிழ் மாணவனுக்குப் பிரெஞ்சு புறம்பான பொருளன்று.

நிற்க. இரண்டாம் படியில் எதிர்ப்படும் முதல் இடர் இறந்தகாலம். 'அவன் வந்தான்' என்பதனைப் பேச்சில் 'இல் ஏ வெனு' என்பர். கதை நூலிலோ அதுவே 'இல் வேன்' எனக் காணப்படும். முன்னதை மட்டும் பயின்றவன் 1884-இல் மோப்பசான் எழுதிய 'கழுத்தணி' என்னும் சிறுகதையைத் திறந்தால், அறிந்த வினைகளும் அறியாத உருவில் நிற்கக் காண்பான். உலக வழக்கு, செய்யுள் வழக்கு என இரண்டறிந்த தமிழனுக்கு இது புதுமையன்று. 1942-இல் 'அந்நியன்' என்னும் புதினத்தை வெளியிட்ட அல்பேர் காமு, கதைநடைக்குரிய இறந்தகாலத்தைப் பெரும்பாலும் விலக்கிப் பேச்சு வழக்கின் இறந்தகாலத்தையே ஆண்டார். அவ்வழக்கு வேறுபாட்டை அறிந்தார்க்கே அந்நடையின் எளிமை ஒரு துணிவு என்பது புலப்படும்.

அடுத்தது ஒலி. 'மணி' என்பதன் முன் 'அடித்தான்' வரின் 'மணியடித்தான்' என யகர உடம்படுமெய் தோன்றுகின்றதன்றோ? பிரெஞ்சிலும் இதனை ஒப்பதொன்றுண்டு. 'அவனிடம் உள்ளது' எனப் பொருள்படும் 'இல் அ' என்பதனை வினாவாக மாற்றுங்கால் 'அ' முன்னும் 'இல்' பின்னும் ஆகும். அவ்விரண்டு உயிர்க்கும் இடையே தகரமெய் ஒன்று தோன்றி 'அதில்' என ஒலிக்கும். இதனைக் கண்ட அன்று, நன்னூற் புணரியலை அயல்நாட்டிற் கண்டதுபோல மகிழ்ந்தோம்.

பாலோ அத்துணை இணக்கமானதன்று. தமிழிற் பால் பொருள்பற்றியது. பிரெஞ்சிற் பெரும்பாலும் சொற்பற்றியது. அங்கே மேசை பெண்பால், புத்தகம் ஆண்பால். காவல் நிற்பவன் ஆடவனேயாயினும், காவலாளைக் குறிக்கும் 'சாந்தினெல்' என்னுஞ் சொல் பெண்பாலே. இதனினும் நுட்பமானது எச்சத்தின் இயைபு. 'நான் கடிதம் எழுதினேன்' என்னும் வாக்கியத்தில் 'எழுதிய' என்பதற்குரிய சொல் 'எக்ரி' என நிற்கும். 'நான் எழுதிய கடிதம்' எனச் செயப்படுபொருள் முன்வரின், கடிதம் பெண்பாலாதலின் 'எக்ரித்' என மாறும். இவ்விதியில் யாம் பிழைத்த இடங்கள் எண்ணில.

ஆங்கிலத்தின் வழியாகப் பிரெஞ்சு பயிலும் எம்போல்வார்க்கு மற்றுமோர் இடர் உண்டு. உருவொத்த சொற்கள் பொருளொத்தன அல்ல. 'லிப்ரேரி' என்பது நூல்நிலையமன்று, புத்தகக் கடை. 'தெமாந்தே' என்பது அதிகாரத்தோடு கோருதலன்று, வெறுமனே கேட்டல். ஒரு பயிற்சிக் கட்டுரையில் யாம் புத்தகக் கடைக்குட் புகுந்து விலை கொடாமலே நூல்களை வீட்டுக்கு எடுத்துச் சென்றதாக எழுதிவிட்டோம். ஆசிரியர் சினவாது, 'பிடிபடவில்லையே?' என ஓரத்தில் எழுதியிருந்தார்.

இவ்விடர்களைக் கடத்தற்கு எமக்கு உதவியன மூன்று. ஒன்று, முன்பே தமிழில் நன்கறிந்த கதையைப் பிரெஞ்சிற் படித்தல். யாம் இளமையிலேயே கேட்டறிந்த கெட்ட குமாரன் உவமையை எடுத்துக்கொண்டோம். கதை தெரிந்தமையின் அறியாத வினையுருவங்களும் தாமே விளங்கின. இரண்டு, பிறர் வாசிக்கக் கேட்டு எழுதுதல்; கண் அறிந்ததைச் செவி அறியாமை அப்பொழுதே வெளிப்படும். மூன்று, செய்த பிழையை மறையாது தனி ஏட்டிற் குறித்து வைத்தல்.

ஆண்டிறுதியில் அதே நூலை மீண்டும் எடுத்தோம். அகராதியைத் துணைகொண்டு ஒரு மாலை முழுதும் முயன்று கடந்தது முன்னுரையின் ஒரு பக்கமே. ஆயினும் அப்பக்கம் எமதாயிற்று. இரண்டாமாண்டின் சோர்வில் நிற்கும் நண்பர்காள்! வளர்ச்சி நின்றதென்று எண்ணற்க. விதை முளைக்குங் காலம் கண்ணுக்குத் தெரிவதன்று. ஏட்டை மூடாதீர், இன்னும் ஒரு பக்கம் படிமின்.