மலைப்பாதையில் கவிழ்ந்த ஏடிவி: கையெழுத்திட்ட தாள் உங்களைத் தடுக்குமா?

கேள்வி: எங்கள் குடியிருப்பைச் சேர்ந்த நான்கு குடும்பங்கள் விடுமுறைக்கு இடுக்கி மாவட்டத்தில் உள்ள ஒரு மலை ரிசார்ட்டுக்குப் போயிருந்தோம். எஸ்டேட் மண்பாதையில் நாமே ஏடிவி வண்டி ஓட்டிப் போகும் பயணம் ஒன்றை அங்கே நடத்துகிறார்கள். கைடு முன்னால் போவார், மற்றவர்கள் வரிசையாகப் பின்தொடர வேண்டும். வண்டிக்கு 1,500 ரூபாய் வாங்கினார்கள். ஆறு வண்டிகளில் போனோம். காலையில் பெய்த மழையில் பாதை சேறாகிக் கிடந்தது. பிரேக் எது, ஆக்சிலரேட்டர் எது என்று காட்டினார்கள், உடனே கிளம்பிவிட்டோம். ஓர் இறக்கத்தில் என் மனைவி ஓட்டிய வண்டி சரிந்து அவர் கால்மேல் விழுந்தது. கைடு அதற்குள் வளைவைத் தாண்டிப் போய்விட்டார். செல்போனில் சிக்னலும் இல்லை. மனைவிக்கு முழங்காலுக்குக் கீழே எலும்பு முறிந்து, கோவையில் அறுவை சிகிச்சை செய்து பிளேட் வைத்தார்கள். இதுவரை மூன்று லட்சத்துக்கு மேல் செலவாகிவிட்டது. ரிசார்ட்டில் கேட்டால், ‘விபத்துக்கு நாங்கள் பொறுப்பல்ல என்ற தாளில் கையெழுத்து போட்டிருக்கிறீர்கள், ஏடிவி நடத்துபவர் வேறு ஆள்’ என்கிறார்கள். 25,000 ரூபாய் தருவதாகவும், இனி எந்தக் கோரிக்கையும் இல்லை என்று எழுதித் தரும்படியும் சொல்கிறார்கள். மருத்துவக் காப்பீட்டு நிறுவனம், ‘இது சாகச விளையாட்டு’ என்று பணம் தர மறுத்துவிட்டது. 15 வயது மகனும் அன்று தனியாக ஒரு வண்டி ஓட்டினான். வழக்கு போட்டால் அதுவே எங்களுக்கு எதிராகத் திரும்புமோ என்று பயமாக இருக்கிறது. விபத்து நடந்து நான்கு மாதம் ஆகிறது. என்ன செய்யலாம்?
– பெயர் வெளியிட விரும்பாத வாசகர், கரூர்.

பதில்: 25,000 ரூபாயை வாங்கிக்கொண்டு எதிலும் கையெழுத்து போடாதீர்கள். முதல் தாளை எதிர்த்து வாதாட வழி இருக்கிறது. பணம் பெற்றுக்கொண்டு ‘முழு திருப்தி’ என்று எழுதிக் கொடுத்துவிட்டால், அதைப் பிறகு உடைப்பது மிகவும் கடினம்.

வண்டி ஏறும் முன் உங்கள் மனைவி கையெழுத்திட்ட தாளைப் பார்ப்போம். மலைப்பாதை குண்டும் குழியுமாக இருக்கும், வண்டி குலுங்கும், புதிதாக ஓட்டுபவர் தடுமாறலாம். இந்த வகை ஆபத்துகளை அவர் தெரிந்தே ஏற்றார் என்று ரிசார்ட் சொன்னால் நீதிமன்றம் அதற்குக் காது கொடுக்கும். ஆனால், பயிற்சி தராமல் சேற்று இறக்கத்தில் இறக்கிவிடுவது, கைடு திரும்பிப் பார்க்காமல் போவது, வரிசையின் கடைசியில் ஆளே வைக்காமல் இருப்பது ஆகியவை மலையின் ஆபத்தில் சேராது. அவை நடத்துபவரின் அலட்சியம். காசு வாங்கிக்கொண்டு சேவை தருபவர், தன் அலட்சியத்துக்குத் தானே முன்கூட்டி மன்னிப்பு எழுதி வாங்கிக்கொள்வதை நம் நீதிமன்றங்கள் எளிதில் ஏற்பதில்லை. பொதுநலக் கொள்கைக்கு முரணான ஒப்பந்தம் செல்லாது என்று 1872-ம் ஆண்டு இந்திய ஒப்பந்தச் சட்டத்தின் 23-வது பிரிவு சொல்கிறது.

இரண்டு உச்ச நீதிமன்றத் தீர்ப்புகள் உங்களுக்குக் கைகொடுக்கும். தில்லியில் உள்ள ஐந்து நட்சத்திர ஓட்டல் ஒன்றில் 1998-ல் விருந்தினர் ஒருவர் தன் காரை நிறுத்தித் தரும்படி ஓட்டல் ஊழியரிடம் சாவியைக் கொடுத்தார். கார் திருடு போனது. ‘நிறுத்துபவரின் சொந்தப் பொறுப்பு’ என்று சீட்டில் அச்சிட்டிருக்கிறோம் என்றது ஓட்டல். தன் ஊழியர்களின் அலட்சியத்தால் வரும் பொறுப்பிலிருந்து ஓட்டல் அப்படி நழுவ முடியாது என்று 2019 நவம்பரில் உச்ச நீதிமன்றம் தீர்ப்பளித்தது. அது பொருளை ஒப்படைத்த வழக்கு. உயிரையும் உடலையும் ஒப்படைத்த வழக்கில் அந்த நியாயம் இன்னும் வலுவாகப் பொருந்தும் என்பதே என் வாதமாக இருக்கும்.

இரண்டாவது வழக்கு கேரளத்திலேயே நடந்தது. கோவளத்தில் அம்மாநிலச் சுற்றுலா வளர்ச்சிக் கழகம் நடத்திய ஓட்டலின் நீச்சல் குளத்தில் 2006-ல் ஒருவர் மூழ்கி இறந்தார். குளத்தருகே உயிர்காப்பாளர் என்று ஒருவர் இருந்தார். ஆனால், மதுக்கூட வேலையும் அவர் தலையில் கட்டப்பட்டிருந்தது. தேசிய நுகர்வோர் ஆணையம் 62.5 லட்சம் ரூபாய் இழப்பீடு விதித்தது, 2019-ல் உச்ச நீதிமன்றம் அதை உறுதி செய்தது. பெயருக்கு ஓர் ஆளை நிறுத்திவிட்டு, அவர் காவலைச் செய்ய முடியாத நிலையில் வைப்பதும் சேவைக் குறைபாடுதான். ஆறு வண்டிகளுக்கு முன்னால் ஒரே கைடு, அவரும் வளைவுக்கு அப்பால் என்ற உங்கள் நிலைமைக்கு இது அப்படியே பொருந்துகிறது.

அடுத்து, எங்கே வழக்கு போடுவது என்பது. வண்டி விபத்து என்றதும் மோட்டார் வாகன விபத்துத் தீர்ப்பாயத்துக்குப் போகச் சொல்லிப் பலர் ஆலோசனை தருவார்கள். உங்கள் மனைவியின் விஷயத்தில் அதை நான் பரிந்துரைக்க மாட்டேன். அவரே வண்டியை ஓட்டினார், வேறு வண்டி எதுவும் மோதவில்லை. உரிமையாளரிடம் வண்டியை வாங்கி ஓட்டியவர் உரிமையாளரின் இடத்தில் நிற்பவராகவே கருதப்படுவார் என்ற வாதம் குறுக்கே வரும். அடைபட்ட தனியார் எஸ்டேட் பாதை சட்டப்படி ‘பொது இடம்’தானா என்ற சண்டை தனியாக வரும். பதிவெண்ணும் காப்பீடும் இல்லாத வண்டி என்றால் பணம் வசூலாவதும் சிரமம். டிரைவர் ஓட்டிய ஜீப்பில் பயணியாக இருந்து அடிபட்டவர்களுக்குக் கதை வேறு. அவர்களுக்குத் தீர்ப்பாயமே முதல் வழி. அவர்கள் விபத்து நடந்த ஆறு மாதத்துக்குள் மனு போட்டுவிட வேண்டும். அந்தக் காலவரம்பை எதிர்த்து வழக்குகள் எழுந்திருக்கின்றன என்றாலும், அவற்றை நம்பிக் காத்திருக்கக் கூடாது.

உங்களுக்கு உகந்தது மாவட்ட நுகர்வோர் குறைதீர் ஆணையம். விபத்து கேரளத்தில் நடந்ததால் வாய்தாவுக்கு வாய்தா மலையேற வேண்டுமோ என்று அஞ்ச வேண்டாம். 2019-ம் ஆண்டு நுகர்வோர் பாதுகாப்புச் சட்டம், புகார்தாரர் வசிக்கும் ஊரிலேயே வழக்கு போட இடம் தருகிறது. ஆகவே கரூரிலேயே போடலாம். எந்த ஆணையம் என்பதும் எவ்வளவு கட்டணம் என்பதும், நீங்கள் கேட்கும் இழப்பீட்டை வைத்து முடிவாவதில்லை, சேவைக்காகக் கொடுத்த தொகையை வைத்தே முடிவாகின்றன. கொடுத்த தொகை 50 லட்சம் ரூபாய் வரை என்றால் மாவட்ட ஆணையம். ஐந்து லட்சம் வரை என்றால் கட்டணமே கிடையாது. வண்டிக்கு 1,500 ரூபாய் கொடுத்த நீங்கள் 20 லட்சம் கேட்டாலும் கட்டணமின்றி கரூரில் கேட்கலாம். விபத்து நாளிலிருந்து இரண்டு ஆண்டு அவகாசம் இருக்கிறது. குடியிருப்பு நண்பர் ஒருவர்தான் மொத்தமாகப் பணம் கட்டினார் என்றாலும் கவலையில்லை. சேவையைப் பெற்ற பயனாளியும் சட்டப்படி நுகர்வோரே.

புகாரை எழுதும்போது ஒன்றில் கவனமாக இருங்கள். ‘அந்தத் தாளை நியாயமற்ற ஒப்பந்தம் என்று அறிவிக்க வேண்டும்’ என்ற கோரிக்கையை மாவட்ட ஆணையத்தில் வைக்காதீர்கள். அந்த அதிகாரம் மாநில ஆணையத்துக்கும் அதற்கு மேலுள்ள தேசிய ஆணையத்துக்கும்தான் இருக்கிறது. எதிர்த்தரப்பு அதைப் பிடித்துக்கொண்டு வழக்கையே இழுத்தடிக்கும். சேவைக் குறைபாடு, அலட்சியம் என்ற இரண்டின்மேல் புகாரைக் கட்டுங்கள். தாளைப் பற்றிய பதில் வாதத்தில் வரட்டும். ரிசார்ட், ஏடிவி நடத்துபவர், இணையத்தில் பதிவு செய்திருந்தால் அந்தத் தளம் என எல்லோரையும் எதிர்த்தரப்பாகச் சேருங்கள். ‘அவர் வேறு ஆள்’ என்ற ரிசார்ட்டின் பேச்சு, பில் யார் பெயரில் இருக்கிறது, வரவேற்பறையில் அந்தப் பயணத்தை விற்றது யார் என்று பார்க்கும்போது பெரும்பாலும் நிற்காது. எதிர்த்தரப்பு பதில் தர 30 நாள், மிஞ்சிப்போனால் இன்னும் 15 நாள்தான் கிடைக்கும். அதற்கு மேல் தர ஆணையத்துக்கே அதிகாரமில்லை என்று 2020-ல் உச்ச நீதிமன்றத்தின் அரசியல் சாசன அமர்வு சொல்லிவிட்டது.

ஆதாரங்களில்தான் நீங்கள் அதிக நேரம் செலவிட வேண்டும். இத்தகைய வழக்குகள் சட்டத்தில் தோற்பதைவிட ஆதாரத்தில் தோற்பதே அதிகம். மருத்துவமனையின் ஏ.ஆர். (விபத்துப் பதிவேடு) காப்பியையும் டிஸ்சார்ஜ் சம்மரியையும் எடுத்து, காயம் எப்படி ஏற்பட்டது என்று எழுதியிருக்கிறார்கள் என்று பாருங்கள். போலீஸ் விவகாரம் ஆகிவிடுமே என்று ‘வழுக்கி விழுந்துவிட்டார்’ என்று சொல்லிவிடும் குடும்பங்கள் உண்டு. அந்த ஒற்றை வரி பிறகு வழக்கையே சாய்த்துவிடும். நடந்ததை நடந்தபடி எழுதியிருந்தால் பாதிச் சுமை இறங்கியது. உடன் வந்த குடும்பங்களின் செல்போனில் இருக்கும் படங்களையும் வீடியோக்களையும் அழியும் முன் வாங்கி வையுங்கள். சேறு, ஹெல்மெட், வண்டிகளுக்கு இடையே இருந்த தூரம், கடைசியில் யார் வந்தார்கள் என்பதெல்லாம் அவற்றில் தெரியும். அந்தக் குடும்பங்களில் இரண்டு பேராவது சாட்சிப் பத்திரம் தர வேண்டும்.

வண்டியின் படத்தைப் பெரிதாக்கிப் பாருங்கள். முழு அளவு ஏடிவிகளில் தயாரிப்பாளரே எச்சரிக்கை வில்லைகள் ஒட்டியிருப்பார். 16 வயதுக்குக் குறைந்தவர் ஓட்டக் கூடாது, ஒற்றை இருக்கை வண்டியில் இன்னொருவரை ஏற்றக் கூடாது, ஹெல்மெட் அவசியம் என்றெல்லாம் அதில் இருக்கும். ஏடிவி பல நூறு கிலோ எடை கொண்டது, உயரமானது. சரிவில் ஓட்டுபவர் தன் உடம்பை மேட்டுப்பக்கம் சாய்த்துச் சமன் செய்யாவிட்டால் கவிழ்ந்துவிடும். இது முதல்முறை ஓட்டுபவருக்குத் தானாகத் தெரிய வாய்ப்பில்லை. அதனால்தான் சமதளத்தில் ஓட்டவைத்துப் பார்த்த பிறகே பாதைக்கு அழைத்துப்போக வேண்டும், வரிசையின் வேகம் மிக மெதுவாக ஓட்டுபவரின் வேகமாக இருக்க வேண்டும், முன்னால் ஒருவரும் கடைசியில் ஒருவரும் வர வேண்டும், சிக்னல் இல்லாத இடத்தில் வாக்கி-டாக்கி வேண்டும் என்பவை இத்தொழிலின் பாலபாடம். மத்திய சுற்றுலா அமைச்சகம் 2018-ல் வெளியிட்ட சாகசச் சுற்றுலா வழிகாட்டு நெறிமுறைகளில் ஏடிவி பயணத்துக்கென்றே ஒரு பகுதி இருக்கிறது. அதைப் புகாருடன் இணையுங்கள். கைடின் பயிற்சிச் சான்றிதழ், சாகசச் சுற்றுலாப் பதிவு, வண்டிப் பராமரிப்புப் பதிவேடு, பொதுப் பொறுப்புக் காப்பீடு ஆகியவற்றின் நகல்களைக் கேட்டு ஒரு நோட்டீஸ் அனுப்புங்கள். அவர்கள் தராமல் இருந்தால் அதையும் ஆணையத்தில் சொல்லலாம்.

இழப்பீட்டில் ஆஸ்பத்திரி பில்லோடு நின்றுவிடாதீர்கள். பிளேட்டை எடுக்க மறுபடி அறுவை சிகிச்சை தேவைப்பட்டால் அதன் செலவு, உடனிருந்து பார்த்துக்கொண்டவரின் வருமான இழப்பு, வலி, நிரந்தர ஊனம் இருந்தால் அதன் விழுக்காடு என எல்லாமே சேரும். மனைவி வேலைக்குப் போகாத இல்லத்தரசி என்றால் வருமானக் கட்டத்தில் சுழியம் போட்டுவிடாதீர்கள். வீட்டு வேலைக்கு மதிப்புண்டு, அதற்குக் கணக்கிட்டு இழப்பீடு தர வேண்டும் என்று 2021 ஜனவரியில் ஒரு விபத்து வழக்கில் உச்ச நீதிமன்றம் தெளிவாகச் சொல்லியிருக்கிறது. மனைவி வேகமாக ஓட்டினார் என்பது நிரூபணமானால் தொகை ஓரளவு குறையலாம். அதற்காக உரிமை போய்விடாது.

மகனைப் பற்றிய பயத்துக்கு வருகிறேன். சிறுவரிடம் வண்டி கொடுத்தால் பெற்றோர், உரிமையாளர் இரு தரப்பையும் மோட்டார் வாகனச் சட்டத்தின் 199ஏ பிரிவு பிடிக்கும்: மூன்றாண்டு வரை சிறை, 25,000 ரூபாய் அபராதம். தனியார் எஸ்டேட்டுக்குள் யாருக்கும் காயமில்லாமல் நடந்ததற்கு அந்த வழக்கு உங்கள்மீது வர வாய்ப்பு மிகக் குறைவு என்றே நினைக்கிறேன். எதுவானாலும் அதை மறைக்காதீர்கள். 15 வயதுப் பையனிடம் வயது கேட்காமல் சாவியைக் கொடுத்தார்கள் என்பது அவர்களுடைய அலட்சியத்துக்கு வலுவான சான்று. நீங்கள் மறைத்து அவர்கள் வெளியிட்டால், உங்கள் மற்றப் பேச்சையும் ஆணையம் சந்தேகிக்கும். தகப்பனாக நீங்கள் அன்று அனுமதித்திருக்கக் கூடாது என்பதையும் சொல்லியாக வேண்டும். மகனுக்காக நீங்கள் கையெழுத்து போட்டிருந்தாலும் அது அவனைக் கட்டாது. 18 வயது நிரம்பாதவரின் ஒப்பந்தம் செல்லாது என்பது 1903 முதல் நிலைத்த சட்டம்.

காவல் துறையில் புகார் கொடுப்பதா என்பது உங்கள் விருப்பம். எலும்பு முறிவு சட்டப்படி கொடுங்காயம். அலட்சியத்தால் கொடுங்காயம் விளைவிப்பது பாரதிய நியாய சன்ஹிதாவின் 125-வது பிரிவில் மூன்றாண்டு வரை சிறைத் தண்டனைக்குரிய குற்றம். எந்தக் காவல் நிலையத்திலும் புகார் தரலாம் என்பதால் கரூரிலேயே கொடுக்கலாம், அவர்கள் இடுக்கிக்கு அனுப்புவார்கள். தாமதத்துக்கான காரணத்தை, அறுவை சிகிச்சைத் தேதிகளோடு புகாரிலேயே எழுதிவிடுங்கள்.

காப்பீட்டு நிறுவனம் மறுத்தது என்னை மிகவும் வருத்துகிறது, ஏனென்றால் இதில் ஏமாந்துபோகிறவர்கள் ஏராளம். மருத்துவக் காப்பீட்டுப் பத்திரத்தில் ‘எக்ஸ்க்ளூஷன் 09’ என்ற வரியைத் தேடுங்கள். காப்பீட்டு ஒழுங்குமுறை ஆணையம் வகுத்த பொதுவான வாசகம் அது. சாகச விளையாட்டில் தொழில்முறையாக ஈடுபடுபவருக்கு ஏற்படும் சிகிச்சைச் செலவுக்குத்தான் அதில் விலக்கு. விடுமுறையில் ஒருநாள் ஏடிவி ஓட்டியவர் தொழில்முறை வீரர் ஆகிவிட மாட்டார். உங்கள் பத்திரத்திலும் அதே வாசகம் இருந்தால், நிறுவனத்தின் குறைதீர் அதிகாரிக்கு எழுத்தில் ஆட்சேபம் அனுப்புங்கள். ஒரு மாதத்தில் பதில் வராவிட்டாலோ மீண்டும் மறுத்தாலோ சென்னையில் உள்ள காப்பீட்டு ஓம்புட்ஸ்மனிடம் போகலாம். 50 லட்சம் ரூபாய் வரையிலான கோரிக்கைகளை அவர் விசாரிக்கலாம், கட்டணம் இல்லை, வக்கீலும் வேண்டாம். மறுப்பு வந்து ஓராண்டுக்குள் போக வேண்டும்.

வக்கீல் செலவை நினைத்துத் தயங்க வேண்டாம். நுகர்வோர் ஆணையத்தில் நீங்களே வாதாடலாம். அது முடியாதென்றால், 1987-ம் ஆண்டு சட்டப் பணிகள் ஆணையங்கள் சட்டப்படி, வருமானம் எவ்வளவு என்று பார்க்காமல் பெண்கள் எல்லோருக்கும் இலவச வக்கீல் உதவி உண்டு. புகார்தாரர் உங்கள் மனைவி என்பதால் அவருக்கு அந்த உரிமை இருக்கிறது. கரூர் மாவட்ட நீதிமன்றத்தில் இருக்கும் மாவட்டச் சட்டப் பணிகள் ஆணைக்குழு அலுவலகத்துக்கு ஒரு மனுவோடு செல்லுங்கள், அல்லது 15100 என்ற எண்ணில் அழையுங்கள். ஏ.ஆர். காப்பியையும் நண்பர்களின் வீடியோக்களையும் இந்த வாரமே கைக்குக் கொண்டுவந்துவிடுங்கள்.